பத்து ஞாயிறு, ஒரே காடு

ரொறன்ரோவுக்கு வந்து இருபது வருடமாக, இலையுதிர் காலம் என்றால் எனக்குப் பழுப்புக் கடதாசிப் பைதான். வாசலில் நிற்கும் மேப்பிள் மரம் கொட்டுகிற இலையை வாரி, அந்தப் பைகளில் அமத்தி நிரப்பி, குப்பை லொறி வரும் நாளுக்கு வீதியோரம் வைக்க வேண்டும். ஒரு வருடம் பதினான்கு பை எண்ணினேன். மரத்தை நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை.

ஊரில் இப்படி ஒரு காலம் எங்களுக்கு இருந்ததும் இல்லை. கார், கூதிர், முன்பனி என்று பள்ளிக்கூடத்தில் ஆறு பருவம் பாடமாக்கினோம். அதில் இலை உதிர்வதற்கென்று ஒரு பருவம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை யாழ்ப்பாணத்தில் மாரி மழை. கிணறு நிரம்பும், வயல் பச்சை பிடிக்கும். இங்கே அதே ஐப்பசியில் எல்லாம் பழுத்துக் கொட்டுகிறது. அதனால்தானோ என்னவோ, செப்டம்பர் பிறந்தாலே எங்கள் ஆட்களுக்குக் குளிர் வரப்போகிறது என்ற கவலை ஒன்றுதான் வரும். கோடை முழுக்கப் பார்க்குகளில் இறைச்சி வாட்டி, வொலிபோல் அடித்துத் திரிந்தவர்கள், செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டேயோடு அடுப்பையும் பந்தையும் கராஜுக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம். அடுத்த வெளிக்கிடுதல் மே மாதம்.

ஒரு வருடம் மகன்தான் அரியண்டம் பண்ணினான். வகுப்பில் எல்லாரும் 'ஃபோல் கலர்ஸ்' பார்க்கப் போய்வந்துவிட்டார்களாம். சரி என்று தாங்ஸ்கிவிங் விடுமுறையில், அதாவது ஒக்டோபர் இரண்டாவது திங்களோடு வரும் நீண்ட வாரக்கடைசியில், வடக்கே அல்கோன்குயின் என்ற பேர்பெற்ற பூங்காவுக்குப் புறப்பட்டோம். விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பிட்டு அவித்தேன். இவர் இரவு வேலை முடித்து வந்த கையோடு காரை எடுத்தார். மூன்றரை மணி நேர ஓட்டம், அதில் கடைசி ஒரு மணி நேரம் காருக்குப் பின் கார். வாசலில் நின்ற பிள்ளை, 'அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பதிந்தீர்களா?' என்று பணிவாகக் கேட்டது. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அன்றைய இடமெல்லாம் போய்விட்டது. பெற்றோல் நிலையத்துப் பின்பக்கம் காரை நிறுத்தி, ஆறிப்போன பிட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மாமி பின்சீற்றில் இருந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கும்போது மட்டும், "பிள்ளை, இலை பாக்கவே இவ்வளவு தூரம் போனனாங்கள்? வாசல்ல கிடக்குது" என்றா.

அவ நக்கலாகச் சொன்னாவோ, உண்மையாகச் சொன்னாவோ தெரியாது. ஆனால் அந்தச் சொல் எனக்குள் கிடந்தது. அடுத்த ஞாயிறு இவர் நித்திரை. நான் மாமியையும் மகனையும் ஏற்றிக்கொண்டு, வீட்டிலிருந்து பதினெட்டு நிமிடத்தில் இருக்கிற ரூஜ் பூங்காவுக்குப் போனேன். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கம் மிருகக்காட்சிச் சாலைதான் தெரியும். பிள்ளைகள் சின்னனாக இருக்கும்போது நாலு தரம் போயிருப்போம். அதை ஒட்டிய காடு கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா என்பதும், ரொறன்ரோவில் தொடங்கி மார்க்கம், பிக்கறிங் தாண்டிப் போகிற எழுபத்தொன்பது சதுர கிலோமீற்றர் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 2015இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. பதிவும் இல்லை. போன கிழமை செலவழித்த பெற்றோல் காசை நினைத்தேன்.

மிருகக்காட்சிச் சாலை வீதியில் தொடங்குகிற விஸ்டா பாதை ஒரு வழிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர். கொஞ்ச தூரத்திலேயே மரத்தால் கட்டிய பார்வை மேடை ஒன்று வரும். அதில் ஏறி நின்றால் கீழே சின்ன ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மஞ்சள், செம்மஞ்சள், செம்பு, அங்கங்கே பைன் மரங்களின் கரும்பச்சை. மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றா. பிறகு, "எங்கட பள்ளிக்கூடத்து வாதுமை மரம் இப்பிடித்தான் சிவந்து கொட்டும். ஒரு மரம். இஞ்ச பார், முழுக் காடும் வாதுமை" என்றா. அவ படித்தது 1950களில். அந்த மரத்தைப் பற்றி அதுவரை எனக்குச் சொன்னதில்லை.

அந்த வருடம் அதோடு சரி. இரண்டு கிழமையில் எல்லாம் கொட்டிவிட்டது. அடுத்த வருடம்தான் நாங்கள் முடிவெடுத்தது: தூர இடம் எதுவும் வேண்டாம், செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை பத்து ஞாயிறு, காலையில் இரண்டு மணி நேரம், இதே காடு. இடைக்கிடை பக்கத்தில் வேறு ஏதாவது. யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு பெரிய நாளைத் திட்டமிட்டால் மழை வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், வேலையில் கூப்பிடுவார்கள், எல்லாம் போய்விடும். பத்துச் சின்ன நாள் வைத்திருந்தால் மூன்று போனாலும் ஏழு மிஞ்சும். எங்களுக்கு எட்டு மிஞ்சியது.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் அலுக்காதா என்று மச்சாள் கேட்டா. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் இலை மாறுவது ஒரு நாள் கூத்து இல்லை, முறை வைத்து வருகிற ஒன்று என்பது போகப் போகத்தான் விளங்கியது. செப்டம்பர் நடுவில் பாதையோரத்துச் சுமாக் பற்றைகள் முதலில் சிவக்கும், காடு இன்னும் பச்சையாக இருக்கும்போதே. அப்புறம் சதுப்பு ஓரத்துச் சிவப்பு மேப்பிள். ஒக்டோபர் நடுவில் சீனி மேப்பிள். படங்களில் வருகிற செம்மஞ்சள் அதுதான். பேர்ச் மரம் வெறும் மஞ்சள். எல்லாம் கொட்டத் தொடங்கிய பிறகு, மாதக் கடைசியில், ஓக் மரங்கள் ஆறுதலாகச் செம்பு நிறத்துக்கு வரும். கடைசியில் பீச் மரம். அதன் இலை காய்ந்து, கடதாசி போல வெளிறினாலும் கொப்பை விடாது. பனிக்காலம் முழுக்கத் தொங்கிக்கொண்டே நிற்கும். மாமி அதற்கு வைத்த பெயர் 'பென்சன் எடுக்காத மரம்.'

மகன் பள்ளிக்கூடத்தில் படித்ததை வழியெல்லாம் விளக்குவான். பகல் குறுகக் குறுக மரம் பச்சையத்தைச் செய்வதை நிறுத்திவிடுகிறதாம். மஞ்சள் புதிதாக வருவதில்லை. கோடையிலும் இலைக்குள் இருந்ததுதான், பச்சை போனதும் தெரிகிறது. சிவப்பு மட்டும் அப்போது புதிதாக உண்டாவது, இலையில் தங்கிப்போன சீனியிலிருந்து. அதனால்தான் பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து இருக்கிற வருடத்தில் சிவப்பு எடுப்பாக இருக்கும். மப்பும் மழையுமாக இருந்தால் மங்கும். இது தெரிந்த பிறகு நான் காலநிலை அறிவிப்பைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. நாலு நாள் வெயில், இரவு ஐந்து பாகை என்று கண்டால், ஞாயிறு பிந்தாமல் போக வேண்டும் என்று மனம் சொல்லும். நல்ல காற்று மழை ஒன்று அடித்தால் ஒரே இரவில் பாதிக் காடு நிலத்தில் கிடக்கும். அதையும் இரண்டு தரம் கண்டோம்.

உடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலாவது மாதம் முழுக்க இதில்தான் பிழைவிட்டேன். பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே ஒக்டோபரில் அது தலைகீழ். மேடு ஏறும்போது வேர்க்கும். பருத்திப் பனியன் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேடையில் நின்று காற்று வாங்கினால் முதுகில் ஈரத்துணி ஒட்டினமாதிரிக் குளிரும். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைக்குக் காயாது. உள்ளுக்கு உடற்பயிற்சிக்குப் போடுகிற மெல்லிய செயற்கை நூல் சட்டை, அதற்கு மேல் கம்பளிச் சுவெற்றர், வெளியே காற்றும் தூறலும் புகாத மெல்லிய ஜக்கெற். இந்த மூன்றும் போதும். பனிக்காலத்துப் பெரிய ஜக்கெற் போட்டால் பத்து நிமிடத்தில் கழற்றிக் கையில் சுமக்க வேண்டி வரும். காலையில் ஐந்து பாகை, மதியம் பதினைந்து என்பது இங்கே சாதாரணம். புறப்படும்போது கொஞ்சம் குளிர்ந்தால் சரியான அளவு உடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மாமி சேலையை விடமாட்டா. சேலைக்குள்ளே தெர்மல் காற்சட்டை, காலில் பிடிப்புள்ள சப்பாத்து, காதை மூடும் கம்பளித் தொப்பி. மேடையில் அவவோடு நின்று படம் எடுக்கக் கேட்டவர்கள் மூன்று பேர்.

சப்பாத்துத்தான் முக்கியம். ஈர இலை சவர்க்காரம் மாதிரி வழுக்கும். இலைக்குக் கீழே வேர் இருக்கும், கல் இருக்கும், ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது ஞாயிறு நான் கன்வஸ் சப்பாத்தோடு மாஸ்ட் பாதைக்குப் போனேன். அது ஒரு வழிக்கு இரண்டரைக் கிலோமீற்றர். ஒரு காலத்தில் கப்பல் பாய்மரத்துக்கு வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி இழுத்த வழியாம், பெயரும் அதனால்தான். முதுகெலும்பு போன்ற மேட்டில் ஏறி இறங்குகிற பாதை. இறக்கத்தில் இருந்தபடியே சறுக்கிக்கொண்டு ஒரு எட்டு அடி போனேன். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. மகன் கைதட்டியதுதான் வலித்தது. மாமியை அந்தப் பாதைக்குக் கூட்டிப்போகக்கூடாது என்று அன்றே முடிவு. முழங்கால் நோ உள்ளவர்களுக்கு விஸ்டா பாதையில் மேடை வரை போய்த் திரும்புவது போதும். ஒரு ஊன்றுகோல் கையில் இருந்தால் இன்னும் நல்லது, மாமி முதலில் மாட்டேன் என்றா, "நான் என்ன கிழவியே?" என்று. மகன் காட்டில் ஒரு தடியைக் கண்டெடுத்து 'இது முருகன்ட வேல்' என்று கொடுத்தான். வேலை மறுக்க அவவுக்கு மனம் வரவில்லை.

வயதானவர்களோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று வோஷ்றூம். ஒக்டோபர் நடுவுக்குப் பிறகு பூங்காக்களில் பலதைப் பூட்டிவிடுவார்கள், குழாய் உறைந்துவிடும் என்று. கோடையில் திறந்திருந்ததே என்று நம்பிப் போகக்கூடாது. வீட்டை விட்டு வெளிக்கிடும் முன்னரும், வழியில் ஒரு கோப்பிக் கடையிலும் என்று இரண்டு நிறுத்தம் வைத்துக்கொண்டோம். மாமி தண்ணீர் குடிக்காமல் வருவதை அதோடுதான் விட்டா.

சாப்பாட்டில் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. இடியப்பம் குளிர்காற்றில் பத்து நிமிடத்தில் தும்பாகிவிடும். தேங்காய்ப்பால் விட்ட கறியின் எண்ணெய் உறைந்து மேலே வெள்ளையாகப் படியும். கடைசியில் நிலைத்தது பாணும் கட்டைச் சம்பலும், மட்டன் ரோல்ஸ், அகன்ற வாய்ப் பிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்க மிளகு ரசம். பிளாஸ்க்குக்குள் முதலில் கொதிநீர் விட்டு ஐந்து நிமிடம் வைத்து ஊற்றிவிட்டு, பிறகு ரசத்தை விட்டால் நாலு மணி நேரத்துக்குச் சூடு நிற்கும். இன்னொரு பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணீர். இருந்து சாப்பிட ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற கடற்கரைப் பக்கம் நல்லது. ஏரிக்கரையைக் கடற்கரை என்று எழுதுகிறேன், பாருங்கள். மறுகரை தெரியாத தண்ணீரைக் கண்டால் யாழ்ப்பாணத்துக் கண் அப்படித்தான் சொல்லும்.

ஒரு புரட்டாதிச் சனி, கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு நேரே பூங்காவுக்கு வந்தோம். மாமி கைப்பைக்குள்ளிருந்து வாழையிலைத் துண்டில் சுற்றிய சோற்றை எடுத்தா, காகத்துக்கு வைக்க. பூங்காவில் எந்த உயிருக்கும் தீன் போடக்கூடாது என்பது சட்டம் என்று மகன் அறிவிப்புப் பலகையைக் காட்டினான். "சனீஸ்வரனுக்குத் தெரியுமோ இந்தச் சட்டம்?" என்று கேட்டா. சோறு திரும்ப வீட்டுக்கு வந்தது. அவ அன்றைக்குப் பின்னேரம் வரை எங்களோடு கதைக்கவில்லை. ஆனால் விதியில் நியாயம் இருக்கிறது: கைச்சோற்றுக்குப் பழகின அணிலும் பறவையும் நரியும் பிறகு மனிதருக்குப் பின்னால் திரியும், வீதியில் அடிபடும். அதேபோல் காளான். மழைக்குப் பிறகு காட்டில் விதவிதமாக முளைக்கும், எங்கள் ஆட்களுக்குக் கை துருதுருக்கும். ஊரில் இடி இடித்த அடுத்தநாள் காளான் பொறுக்கின அனுபவம் இங்கே உதவாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற நச்சுக் காளான்கள் இங்கே உண்டு. பிடுங்குவதற்கும் அனுமதி இல்லை.

இனி மீன். இந்தப் பத்துக் கிழமையில் எதை விட்டாலும் அந்த ஒரு காலையை விடமாட்டேன்.

வேலையில் கூட இருக்கிற பிலிப்பினோ அக்கா ஒருவர் சொன்னார், மோர்னிங்சைட் பார்க்கில் சமன் மீன் ஏறுகிறது என்று. நான் நம்பவில்லை. ஊரில் தகரப்பேணி மீனை எல்லாம் 'சமன் ரின்' என்றுதான் சொல்வோம். அந்தப் பேணி மீன், நான் பஸ்சில் கடந்துபோகிற ஒரு வாய்க்காலில் ஏறுமா? ஹைலண்ட் கிறீக் என்கிற அந்த ஓடை கோடையில் கணுக்கால் அளவு தண்ணீர். மேலே பாலத்தில் வாகனம் ஓடிக்கொண்டிருக்கும். செப்டம்பர் கடைசியில், இரண்டு நாள் மழை பெய்து விட்ட ஞாயிறு போனோம். பாதை தார் போட்டது, சமதரை. தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும். ஓரிடத்தில் நாலைந்து பேர் அசையாமல் நின்றார்கள். நாங்களும் நின்றோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கல் அசைந்தது. கல் இல்லை, முதுகு. என் கையின் நீளத்துக்கு ஒரு மீன், முதுகில் பாதி தண்ணீருக்கு வெளியே, வாலை அடித்து அடித்து ஆழமில்லாத சரளைக் கல்லுக்கு மேலே ஏறிப்போனது. பின்னால் இன்னொன்று. கல்வரிசை ஒன்று தண்ணீரைத் தடுத்த இடத்தில் அது பாய்ந்தது, விழுந்தது, திரும்பவும் பாய்ந்தது. நான்காவது பாய்ச்சலில் மேலே போனதும் நின்ற எல்லாரும், முன்பின் தெரியாதவர்கள், ஒன்றாகச் சத்தம் போட்டோம்.

இவை சினூக் என்ற வகை. பசிபிக் பக்கத்து மீன். இந்த ஏரியிலேயே இருந்த அத்லாந்திக் சமன், ஆறுகளை மறித்து அணை கட்டியதிலும் காட்டை வெட்டியதிலும் 19ஆம் நூற்றாண்டு முடிய முதல் அழிந்துபோனது. பிறகு 1960களின் கடைசியிலிருந்து சினூக்கைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரும்பாலும் மூன்று, நாலு வருடம் ஏரியில் வளர்ந்து, இலையுதிர் காலத்தில் ஓடைக்குத் திரும்பும். ஓடைக்குள் வந்த பிறகு சாப்பிடாது. பெண்மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி செய்து முட்டை இடும், ஆண்மீன் பக்கத்தில் நிற்கும், பிறகு இரண்டும் செத்துவிடும். கரையில் அப்படிச் செத்துக் கிடந்ததையும் கண்டோம். தோல் வெளிறி, செட்டை கிழிந்து. மகன் மூக்கைப் பொத்தினான். வந்தேறிக் குடிகள்தானே இதுவும் என்று இவர் சிரித்தார். அவருக்கு அன்றைக்கு இரவு வேலை இல்லை, ஆளும் கூட வந்திருந்தார். மாமி மட்டும் அந்தச் செத்த மீனுக்குக் கிட்ட நின்று, "பெத்துப்போட்டுச் சாகத்தானோ இவ்வளவு பாடு?" என்று மெல்லக் கேட்டா. யாரும் பதில் சொல்லவில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு: செப்டம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரை, மழை பெய்து தண்ணீர் ஏறி, பிறகு தெளியத் தொடங்கின நாள்தான் சரியான நாள். தண்ணீர்ப் பளபளப்பை வெட்டுகிற போலரைஸ்ட் வெயில் கண்ணாடி இருந்தால் மீன் பளிச்சென்று தெரியும், இல்லாதவர்கள் அரை மணி நேரம் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவசரப்படக்கூடாது, ஓரிடத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகளைக் கல் எறியவும், ஓடைக்குள் இறங்கவும் விடக்கூடாது. சரளைக்குள் முட்டை இருக்கும். இதைவிடப் பெரிய கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே ஒரு மணி நேரத்தில் போர்ட் ஹோப் ஊரில் கனராஸ்கா ஆறு இருக்கிறது. அங்கே அணையில் மீனேறுவதற்குப் படிக்கட்டு மாதிரி ஒன்று கட்டியிருக்கிறார்கள். போனோம், பிரமாதம்தான். ஆனால் வீட்டுக்குப் பக்கத்து வாய்க்காலில் கண்டதுதான் எங்களுக்கு மறக்கவில்லை.

அப்பிள் தோட்டத்துக்கும் ஒரு நாள் போனோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளே போகக் காசு, பைக்குக் காசு, வைக்கோல் வண்டிக்குக் காசு. வெளியே வரும்போது கடை அப்பிளைவிட இரண்டு மடங்கு கொடுத்திருந்தோம். பிள்ளைகள் ஒரு தரம் மரத்தில் பிடுங்கட்டும் என்று போகலாம். மக்கின்டோஷ் செப்டம்பரில் பழுக்கும், நோதேர்ன் ஸ்பை ஒக்டோபர் கடைசி வரை பிந்தும். எது பழுத்திருக்கிறது என்று முதலே கேட்டுவிட்டுப் போவது நல்லது. இழுத்துப் பிடுங்காமல், பழத்தை மேலே தூக்கிக் கொஞ்சம் திருகினால் காம்போடு கையில் வரும். மாமி அந்தப் புளி அப்பிளில் மாங்காய் போல மிளகாய்த்தூளும் வெல்லமும் போட்டுத் தொக்குக் காய்ச்சினா. அதற்காக வேண்டுமானால் திரும்பப் போவேன்.

நடக்க முடியாதவர்களோடு போக நான் சொல்வது கில்ட் பார்க். ஏரியோர மேட்டில் இருக்கிறது, பாதை சமதரை. ரொறன்ரோ நகரத்தில் இடித்த பழைய கட்டடங்களின் முகப்புகள், தூண்கள், செதுக்கிய கற்களைக் கொண்டுவந்து மரங்களுக்கு நடுவே நிறுத்தியிருக்கிறார்கள். பழைய வங்கி ஒன்றின் சலவைக்கல் தூண்களை வைத்து ஒரு மேடையும் உண்டு. மஞ்சள் இலைக்குள் தனியே ஒரு வாசல் நிற்கும், பின்னால் வீடு இருக்காது. மாமிக்கு யாழ்ப்பாணத்து நல்லூரில் சிதைந்த பழைய மந்திரிமனை ஞாபகம் வந்தது. ஸ்காபரோ பிளவ்ஸ் எனும் மண்மலையும் அதே கரையில்தான். உயர்ந்த இடத்தில் தொண்ணூறு மீற்றர். அதைக் கீழே பிளவ்வர்ஸ் பார்க்கிலிருந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். மேலே விளிம்பில் நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அது பாறை இல்லை, பனியுகத்து மணலும் களியும். மழைக்குப் பிறகு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். வேலி போட்டிருந்தால் காரணத்தோடுதான்.

உண்ணி விஷயத்தில் நாங்கள் தப்பினது மகனின் அதிர்ஷ்டம். குளிர் தொடங்கினால் பூச்சி இல்லை என்று நினைத்திருந்தேன். லைம் நோய் பரப்புகிற கருங்கால் உண்ணி, ஒக்டோபர், நவம்பரிலும் உறைநிலைக்கு மேலே இருக்கிற நாட்களில் திரியும். ரூஜ் பக்கம் அது உண்டு. புல்லுக்குள் புகுந்து பந்து எடுத்தவனுக்கு முழங்காலுக்குப் பின்னால் எள்ளளவில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, கடிக்க முதலே கண்டோம். அதற்குப் பிறகு பாதையை விட்டு இறங்குவதில்லை. வெளிர் நிறக் காற்சட்டை, அதன் நுனி சொக்ஸுக்குள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை முதலில் ட்ரையரில் கடும் சூட்டில் பத்து நிமிடம் போட்டுவிட்டுத்தான் தோய்ப்பது. அக்குள், இடுப்பு, முழங்கால் பின்பக்கம், மயிர்க்கால் எல்லாம் பார்ப்பது. கடித்திருந்தால் எண்ணெய் பூசுவது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் வேண்டாம். மெல்லிய முனைச் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்று தெரியாவிட்டால் அன்றே மருந்துக்கடையில் கேளுங்கள். ஒன்ராறியோவில் 2023 தொடக்கம் தேவையானவர்களுக்கு நோய் வராமல் தடுக்கிற மருந்தை மருந்தாளரே எழுதித் தருவார். உண்ணி எடுத்து மூன்று நாளுக்குள் போக வேண்டும்.

அல்கோன்குயினுக்கும் பிறகு ஒரு வருடம் போனோம், இந்தத் தரம் முறையாக இணையத்தில் பதிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை லீவு எடுத்து. 1893இல் தொடங்கிய பூங்கா, ஏழாயிரத்து அறுநூறு சதுர கிலோமீற்றர் அளவு. காணாமல் சாகக்கூடாது, உண்மைதான். ஆனால் அங்கே சீனி மேப்பிள் செப்டம்பர் கடைசியிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். தாங்ஸ்கிவிங் வரை காத்திருந்தால் பல வருடங்களில் சிவப்பு நிலத்தில்தான் இருக்கும். ஒன்ராறியோ பூங்காக்களின் தளத்தில் எந்தப் பூங்காவில் எத்தனை வீதம் நிறம் மாறியது என்று போடுவார்கள், அதைப் பார்த்துப் புறப்படலாம். எங்கள் ரொறன்ரோ இதைவிட இரண்டு, மூன்று கிழமை பிந்தும். வடக்கே தவறவிட்டவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக நான் செய்த பெரிய முட்டாள்தனம். நவம்பர் முதலாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு வைப்பார்கள். அன்றைக்குக் காலையில் இவருக்கு ஏதோ வேலை, பின்னேரம் போவோம் என்று நாலு மணிக்கு விஸ்டா பாதையில் இறங்கினோம். முதல் நாள் ஆறு மணி வரை வெளிச்சம் இருந்ததுதான் மனதில். ஐந்து மணிக்குச் சூரியன் போய்விட்டது. காட்டுக்குள் அதற்கு முன்னரே இருட்டு. போனை எடுத்தால் நாற்பது வீதம் இருந்த சார்ஜ் குளிரில் அப்படியே அணைந்தது. இவருடைய போன் காருக்குள். மாமி என் கையைப் பிடித்தபடி, வேலால் நிலத்தைத் தட்டித் தட்டி நடந்தா. இலை மூடிக் கிடந்ததால் எது பாதை, எது காடு என்று விளங்கவில்லை. எதிரே நாயோடு வந்த ஒரு முதியவரின் தலைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பாக்கிங் வரை வந்து சேர்ந்தோம். இப்போது ஜக்கெற் பையில் சின்ன டோர்ச் நிரந்தரமாக இருக்கிறது. போனை உள்ளுடுப்போடு ஒட்டிய பையில் வைக்கிறேன், உடம்புச் சூட்டில் பற்றரி நிற்கும். நவம்பரில் மூன்று மணிக்குப் பிறகு உள்ளே இறங்குவதில்லை.

பத்தாவது ஞாயிறு போனபோது காட்டில் ஒரு நிறமும் இல்லை. பாக்கிங்கில் எங்களுடையதோடு மூன்று கார். மேடையில் ஏறினோம். இலை மறைத்திருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது: ஆறு வளைந்து போகிற வழி, எதிர் மேட்டின் வடிவம், உயரக் கொப்பில் ஒரு பெரிய கூடு. வாத்துகள் கூரை முகடு மாதிரி வரிசை கட்டித் தெற்கே கத்திக்கொண்டு போயின. மாமி பீச் மரத்தடியில் நின்று ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தா, அது விழவில்லை.

"அடுத்த ஞாயிறு எத்தின மணிக்கு?" என்று கேட்டா.

பத்து முடிந்தது மாமி என்றேன். அவ காது கேட்காதவ மாதிரி வேலை ஊன்றிக்கொண்டு காரை நோக்கி நடந்தா.